ஆடு மேய்கிற இடம்

நகராட்சிக் கமிஷனர் பத்தரைக்கு வந்துவிடுவார் என்றார்கள். பத்தே முக்கால் காஞ்சிபுரம் பஸ் இப்போதுதான் ஏரி வளைவில் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறது, அவரைக் காணோம். வராத ஆளுக்குப் போட்ட நாற்காலியில் வெள்ளைத் துண்டு விரித்திருக்கிறார்கள். துண்டு விரித்த நாற்காலி போட்டால் எதையோ முடிவு பண்ணிவிட்டார்கள் என்று அர்த்தம், முடிவு பண்ணின பிறகுதான் நம்மைக் கூப்பிட்டு டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். நாலு நாளாக ஆட்டோவில் மைக்கு கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கத்தினார்கள், கலங்கல்பேட்டை வியாபாரப் பெருமக்களே, நம் கடைத்தெருவும் ஏரிக்கரையும் இனிமேல் எப்படி இருக்கலாம் என்று சென்னைக் கல்லூரிப் பிள்ளைகள் வரைந்து கொண்டுவருகிறார்கள், வந்து பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று. பெருமக்களே என்று யாராவது கூப்பிட்டால் எனக்கு உடனே இடுப்பில் சுருக்குப்பை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும். டீ நன்றாகத்தான் இருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, நகராட்சி டீ இதுவரைக்கும் நன்றாக இருந்ததே கிடையாது. எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்புதான், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஆனால் காது நல்ல காது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஏரிக்கரை ஓரத்தில் நாற்பது வருஷமாக வண்டி ஸ்டாண்டு நடத்துகிறவளுக்குக் கண்ணைவிடக் காதுதான் உழைக்கும். இந்த மண்டபத்து வாசலில் இப்போது வந்து நின்றது கவுன்சிலரின் புல்லட்டு, சைலன்சர் மாற்றியிருக்கிறார். அதற்கு முன்னே வந்தது பைக்கடை தாஜுதீன் பாயின் பழைய மொபெட்டு, நாலு தரம் இருமிவிட்டுத்தான் நிற்கும், அவரைப் போலவே. தாறுமாறாக நிறுத்தியிருப்பார்கள். புல்லட்டை எடுக்க வேண்டுமென்றால் ஏழு வண்டியை நகர்த்த வேண்டியிருக்கும், அதைச் சொல்ல எழுந்து போகலாமா என்று கால் பரபரக்கிறது, ஆனால் எழுந்து போனால் இந்த நாற்காலி போய்விடும், இந்த நாற்காலியிலிருந்துதான் அந்த மேசை நேராகத் தெரிகிறது.

அந்த மேசையை நான் மூன்று தரம் சுற்றி வந்துவிட்டேன். நாலு மேசையை ஒட்டிப் போட்டு அதன்மேல் ஊரையே வைத்திருக்கிறார்கள். தெர்மகோலும் அட்டையும் பசையும். ஏரிக்கு நீலக் கண்ணாடித் தாள், கரைக்குப் பழுப்பு அட்டை, மதகு கூட இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு தீப்பெட்டி உயரத்துக்கு, பள்ளிவாசல், பெருமாள் கோயில், கடைத்தெரு இரண்டு பக்கமும் பல் வரிசை மாதிரி ஒரே ஒழுங்காக. நம் கடைத்தெருவை இவ்வளவு ஒழுங்காக நான் பார்த்ததே இல்லை, யாருமே பார்த்திருக்க மாட்டார்கள், தாஜுதீன் பாய் கடையில் ஒரு பை கூட வெளியே தொங்கவில்லை, டிபன் கடை அடுப்பு சாக்கடைமேல் இல்லை, வளையல் கடை ஸ்டூல் இல்லை. ஃபேன் காற்றில் பஞ்சு மரங்கள் ஆடுகின்றன, மேசைக்கு நாலு மூலையிலும் நாலு பிள்ளைகள் நின்றுகொண்டு பறந்துவிடாமல் கையால் அணைத்துக்கொண்டிருக்கிறார்கள், பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது, ராத்திரி தூங்காத கண். பாவமாக இருக்கிறவர்களைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். முதல் சுற்றில் என் இடத்தைத் தேடினேன். தேடவே வேண்டாம், எல்லார் விரலும் அங்கேதான் போகிறது. என் ஸ்டாண்டு இருக்கிற இடத்தில் அரை வட்டமாகப் படி இறங்குகிறது, தண்ணீர் வரைக்கும். படியில் அட்டையில் வெட்டின மனிதர்கள், கட்டைவிரல் நக அளவு. ஒரு குழந்தை பலூன் பிடித்திருக்கிறது, பலூன் வேறொன்றுமில்லை, குண்டூசித் தலை. என் தூங்குமூஞ்சி மரம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதன் அடியில் பெஞ்சு. வண்டி ஒன்று கூட இல்லை. நூற்றி நாற்பது வண்டி தினமும் நிற்கிற இடத்தில் ஒரு சைக்கிள் கூட இல்லை. பக்கத்தில் சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. இரண்டாம் சுற்றில் அதை எழுத்துக் கூட்டினேன், பின்னால் ஆள் தள்ளிக்கொண்டே இருந்தார்கள், பயன்பாட்டில் வரைக்கும்தான் முடிந்தது. மூன்றாம் சுற்றில் முழுக்கப் படித்தேன். பயன்பாட்டில் இல்லாத திறந்தவெளி, தற்போது ஆடு மேய்ச்சல்.

ஆடு. யாரைக் குற்றம் சொல்வது, ஆட்டைக் கொண்டுவந்து கட்டினது நான்தானே. இந்தப் பிள்ளைகள் கையில் அளக்கிற டேப்போடு வந்து இறங்கினது போன மாசி மாதம். எங்கள் கடைத்தெருவில் டேப்பைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் மூன்று பேர் டேப் பிடித்தார்கள், மழைநீர் வாய்க்கால் கட்டப் போகிறோம் என்றார்கள், சிரித்த முகம், மோர் வாங்கிக் குடித்தார்கள். அடுத்த மாதம் ஜேசிபி வந்தது, தெற்குப் பக்கத்துக் கடை முப்பதும் மத்தியானத்துக்குள் தரையோடு தரை. வாய்க்கால் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை, கடைகள்தான் ஒவ்வொன்றாகத் திரும்ப முளைத்தன. அதிலிருந்து இது வழக்கமாகிவிட்டது, ஒருவர் டேப்பைப் பார்த்தால் பக்கத்துக் கடைக்கு ஒரு வார்த்தை, அவர் அடுத்தவருக்கு, கால் மணி நேரத்தில் தெருவே உள்ளே இழுத்துக்கொள்ளும், நத்தை கொம்பை இழுத்துக்கொள்கிற மாதிரி. பந்தல் மடங்கும், அடுப்பு உள்ளே போகும், தொங்குகிற பை எல்லாம் பரணுக்குப் போகும். எந்த டேப், யார் டேப் என்று கேட்பதில்லை. தையல் கடைக்காரர் புதிதாக டேப் வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்ததற்கே ஒரு தரம் பாதித் தெரு உள்ளே போய்விட்டது, ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தோம். அந்த மாசி மாதமும் தாஜுதீன் பாய்தான் வந்து சொன்னார். "பூஷணம்மா, டேப்பு வந்திருக்கு. காலேஜு பசங்கன்னு சொல்றாங்க, யார் பெத்த பசங்களோ. மூணு நாள் இருக்கப்போறாங்களாம். நாங்க பந்தலை மடக்கிடுவோம், நீ இத்தனை வண்டியை எங்க மடக்குவே?" எங்கே மடக்குவேன் என்று கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மடக்கிக் காட்டினேன். விடிகாலை நாலரைக்கே ரோட்டில் நின்று ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி, மூணு நாள் மட்டும் பின்னால் மூடிக்கிடக்கிற ரைஸ் மில் முற்றத்தில் விடுங்கள் என்று கெஞ்சினேன். வரிசைக்குப் போட்ட சுண்ணாம்புக் கோட்டைக் கூட்டி அழித்தேன், ஆயில் சொட்டின இடத்தில் மணல் போட்டேன், தகரக் கொட்டகையைப் பிரித்துக் கரைக்கு அந்தப் பக்கம் சாய்த்தேன், டோக்கன் பலகையை மரத்தின் பின்னால் கவிழ்த்தேன். வெறும் தரையாக விட்டால் சந்தேகம் வரும் என்று தங்கச்சி வசந்தாவின் ஆடு இரண்டைப் பிடித்துவந்து கட்டினேன். அதைச் செய்து முடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தபோது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. நாற்பது வருஷத்தில் அந்த மரத்தடியில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பெண் அப்போதுதான் வந்தாள். இதோ மேசையின் கிழக்கு மூலையில் ஏரியைக் கையால் அழுத்திக்கொண்டு நிற்கிறாளே, ஜெசிந்தா என்று பேர், தலைமுடியைக் கொண்டையாக முடிந்து அதில் பேனாவைச் செருகியிருக்கிறாள், அன்றைக்கும் அப்படித்தான் இருந்தாள். கொஞ்ச நேரம் நின்றாள், தரையைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மா, இந்த எடத்துல என்ன நடக்கும்?" "ஒண்ணும் நடக்காது. ஆடு மேயும்." "எப்பவுமேவா?" "ஆடு எப்பவும் மேயாதா பின்ன?" சிரித்தாள். பிறகு குனிந்து மணலைக் காலால் தள்ளிப் பார்த்தாள். "இங்க கறுப்பா இருக்கே, என்னம்மா இது?" "ஆட்டு மூத்திரம்." "இவ்ளோ கறுப்பாவா?" "கறுப்பு ஆடு." அதையும் எழுதிக்கொண்டாள். நான் என்ன சொன்னாலும் எழுதிக்கொண்டாள், தலையைக்கூட ஆட்டினாள், அப்படிச் சொன்னதையெல்லாம் நம்புகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை, அதனாலேயே இவள் ஏதோ பெரிய இடத்து ஆள் என்று முடிவு பண்ணிக்கொண்டேன். உண்மையிலேயே நம்பித்தான் எழுதினாளா, நம்பாமல் எழுதினாளா. நம்பாமல் எழுதியிருந்தால் இவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து என்னை வைத்தே என் இடத்தைக் காலி என்று சொல்ல வைத்திருக்கிறார்கள், பெரிய கெட்டிக்காரத்தனம். நம்பி எழுதியிருந்தால் அது அதைவிட மோசம், ஏனென்றால் அப்போது கெட்டிக்காரத்தனம் முழுக்க என்னுடையதுதான். இரண்டில் எது என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றுதான் இந்த நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருக்கிறேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூக்கு நுனியில் பசை ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

காலையில் வந்தவுடனே என்னைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சுவரில் பெரிது பெரிதாகப் படங்கள் மாட்டியிருக்கிறார்கள், சாயந்திர வெளிச்சத்தில் ஏரி, படியெல்லாம் ஜனம், விளக்கு. அந்த விளக்குகளைப் பார்த்ததும் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது, ஒரு நிமிஷம் மனசுக்குள்ளே நானே அந்தப் படியில் இறங்கிக் கால் நனைத்தேன். "இங்க பாருங்கம்மா" என்று ஒரு மூலையைக் காட்டினாள், "இது யாருன்னு தெரியுதா? நீங்கதான்." மரத்தடிப் பெஞ்சில் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். பச்சைச் சேலை, அன்றைக்கு நான் கட்டியிருந்தது. காலை நீட்டி, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு ஆட்டுக்குட்டி. "உங்களை விட்டுட்டு அந்த எடத்தை வரையவே முடியலம்மா. நீங்க அங்க அப்படியே உக்காந்திருக்கணும், அதுதான் எங்க ஐடியாவே" என்றாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். சும்மா உட்கார்ந்திருக்கிற கிழவி. காலை ஐந்து மணிக்குச் சங்கிலியைக் கழற்றினால் ராத்திரி கடைசி பஸ் வரைக்கும் நின்ற கால் நின்றபடி நிற்பவள் நான், வண்டியைப் பூட்டிவிட்டுப் போகிறவன் எந்த பஸ்ஸில் போகிறான், எந்த பஸ்ஸில் திரும்புவான் என்று மனசில் வைத்து, சீக்கிரம் திரும்புகிறவனை முன்வரிசையிலும் ராத்திரி வருகிறவனைக் கரையோரத்திலும் விடுவேன், எவன் ஹேண்டிலைப் பூட்டுவான், எவன் பூட்ட மாட்டான் என்பது வரைக்கும் தெரியும், ஒரு வண்டியை எடுக்க இன்னொரு வண்டியை நகர்த்த வேண்டிய நிலைமை என் ஸ்டாண்டில் வந்ததில்லை. அதற்கு ஒரு படம் உண்டா இந்தச் சுவரில். என்னைப் போட்டுவிட்டார்கள், என் வேலையைப் போடவில்லை. நானே கொடுக்காததை அவர்கள் எப்படிப் போடுவார்கள் என்று ஒரு மனசு சொல்கிறது, உடனே இன்னொரு மனசு, கொடுக்காவிட்டால் என்ன, கண் இல்லையா, நாலாம் நாள் வந்து பார்த்திருக்கக் கூடாதா என்கிறது. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன். நாலாம் நாளும் ஆட்டைத்தான் கட்டியிருப்பேன்.

கையில் இந்த ஒட்டுப்பொட்டு வேறு கசகசவென்று இருக்கிறது. வாசலில் ஆளுக்கு மூன்று பச்சை, ஒரு சிவப்பு கொடுத்தார்கள். பிடித்த இடத்தில் பச்சை ஒட்டுங்கள், பிடிக்காத இடத்தில் சிவப்பு ஒட்டுங்கள் என்றார்கள். எங்கள் ஊரில் யாரும் சிவப்பை ஒட்ட மாட்டார்கள், ஆபீசர் கண் முன்னால் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல். பச்சையை ஒட்டினாலும் அது கையெழுத்து மாதிரி ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம், அதனால் ஒன்றையும் ஒட்டாமல் வைத்திருக்கிறேன். என் இடம் முழுக்கப் பச்சை. அம்மை போட்ட மாதிரி பச்சை. யார் யார் ஒட்டினார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். டிபன் கடைக்காரர் ஒன்று, வளையல் கடை மருமகள் ஒன்று, கவுன்சிலர் தனக்குக் கொடுத்த மூன்றையும் அங்கேயே. தாஜுதீன் பாய் மேசைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார், அவர் எங்கே ஒட்டினார் என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பினபோது கையில் பொட்டு இல்லை. இருமிக்கொண்டே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார், என்னைப் பார்க்கவில்லை. தினமும் பார்க்கிற ஆள், இன்றைக்குப் பார்க்கவில்லை. அவர் வந்து சொன்னதால்தானே நான் வண்டியை மறைத்தேன். எங்கே மடக்குவே என்று உசுப்பினது அவர்தானே. படி வந்தால் அவர் கடைக்கு நேர் எதிரே ஜனம் குவியும், குடை விற்கும், பை விற்கும். இப்படி நினைக்கவே வெட்கமாக இருக்கிறது, என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினேழு நாள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்ட மனுஷன் அவர். நல்லது செய்த மனுஷன் என்பதற்காகக் கெட்டது செய்ய மாட்டான் என்று உண்டா. அவர் முதுகு எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. முதுகுகள் எதுவுமே சொல்வதில்லை, அதுதான் பிரச்சினை.

சொல்லிவிடலாமா. எழுந்து நின்று, அது காலி இடம் இல்லை, நான் ஸ்டாண்டு வைத்திருக்கிற இடம் என்று. அப்படிச் சொன்னால் முதல் கேள்வி லைசென்சு எங்கே. லைசென்சு வீட்டுக்காரர் பேரில் இருந்தது, அவர் போய்ப் பதினாறு வருஷம், அதன் பிறகு போகிற போதெல்லாம் அந்த இடத்தின்மேல் கேஸ் இருக்கிறது, புதுப்பிக்க முடியாது என்கிறார்கள், என்ன கேஸ் என்று கேட்டால் அடுத்த வாரம் வரச் சொல்கிறார்கள். போ என்றும் சொன்னதில்லை, இரு என்றும் சொன்னதில்லை. பதினாறு வருஷமாக ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரிதான். அதைக் கமிஷனர் முன்னால் வாய்விட்டுச் சொன்னால் இந்தப் பிள்ளைகளின் படம் ஒரு பக்கம் கிடக்கட்டும், நாளைக்கே ஜேசிபி வரும். சரி, சொல்லாமல் இருந்தால். சொல்லாமல் இருந்தால் ஜேசிபிகூட வேண்டாம், அங்கேதான் ஒன்றும் இல்லையே, இடிப்பதற்கு. ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போ என்றால் முடிந்தது. சொன்னால் இன்னொன்றும் இருக்கிறது, ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள், மறைத்தது நீ மட்டும்தானா என்று கேட்பார்கள், அப்போது இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பந்தலும் அடுப்பும் ஸ்டூலும் வெளியே வரும், அப்புறம் நான் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பேன். அதனால்தான் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பாய் மட்டும் இல்லை, டிபன் கடைக்காரர் பார்க்கவில்லை, வளையல் கடைக்காரி இவ்வளவு நேரமாகத் தன் கைவிரலையே எண்ணிக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று எல்லாருக்கும் பயம். எனக்கு அவர்கள்மேல் சந்தேகம், அவர்களுக்கு என்மேல் சந்தேகம், நடுவில் அந்தப் பஞ்சு மரங்கள் மட்டும் ஜாலியாக ஆடிக்கொண்டிருக்கின்றன. வசந்தா தனியாக ஸ்டாண்டில் என்ன செய்கிறாளோ, அவளுக்கு ஆடுதான் தெரியும், வண்டி தெரியாது, பதினொன்றரைக்குத் திரும்புகிற வாத்தியார் வண்டியைக் கரையோரத்தில் தள்ளிவைத்திருந்தால் அவர் கத்துவார். போய்விடலாம். எழுந்து போய்விடலாம், இன்னும் எதுவும் நடக்கவில்லை.

ஜீப். டீசல் ஜீப், இரண்டாவது கியரில் இழுத்துக்கொண்டு வருகிறது, டிரைவர் புதுசு. எல்லாரும் எழுந்திருக்கிறார்கள், நானும் எழுந்திருக்கிறேன், கமிஷனர் துண்டில் உட்காருகிறார், நாங்களும் உட்காருகிறோம். சின்ன வயசு, முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டிருக்கிறார். பிள்ளைகளின் பேராசிரியர் பேசுகிறார், இங்கிலீஷும் தமிழும் கலந்து, பிறகு ஜெசிந்தா பேசுகிறாள். நீளமான குச்சியால் கடைத்தெருவைத் தொட்டுக் காட்டுகிறாள், நல்ல அகலமான தெரு, கடைக்காரங்க யாரும் வெளிய வந்து ஆக்கிரமிக்கல, தமிழ்நாட்டுலயே அபூர்வம் என்கிறாள். யாரோ பின்னால் தொண்டையைச் செருமுகிறார்கள். குச்சி ஏரிக்கரைக்கு வருகிறது. என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்கிறது, காலி ஸ்டாண்டில் நிற்கிற வண்டியை யாரோ உதைத்து உதைத்துப் பார்க்கிற மாதிரி. கமிஷனர் எழுந்து வந்து மேசைமேல் குனிகிறார். "இந்த எடம் நல்லா இருக்கே. யாருது இது?" ஜெசிந்தா, "புறம்போக்கு சார். மூணு நாள் உக்காந்து பாத்தோம், யூஸ்ல இல்ல" என்கிறாள். அவர் கவுன்சிலரைப் பார்க்கிறார். கவுன்சிலர் ஆமாம் என்று தலையை ஆட்டுகிறார், அவர் மருமகன் வண்டி இந்த நிமிஷம் என் ஸ்டாண்டில் நிற்கிறது. "அப்ப யாருக்கும் பாதிப்பில்ல. முதல்ல இங்கிருந்தே ஆரம்பிச்சுடலாம், அடுத்த மாசமே" என்கிறார் கமிஷனர். நல்ல மனுஷன் மாதிரிதான் சொல்கிறார். யாருக்கும் பாதிப்பில்லை என்று அவர் நிஜமாகவே சந்தோஷப்படுகிறார். அவருடைய சந்தோஷம்தான் என்னை எழுப்பிவிட்டது என்று நினைக்கிறேன், மிரட்டியிருந்தால் உட்கார்ந்தே இருந்திருப்பேன்.

"அங்க வண்டி நிக்குதுங்க." என் குரல்தானா இது. மண்டபம் முழுக்கத் திரும்புகிறது. கமிஷனர் மேசையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "எங்கம்மா?" "அந்த எடத்துலதான். நூத்தி நாப்பது வண்டி. நான் ஸ்டாண்டு வெச்சிருக்கேன்." "இந்தப் பொண்ணு மூணு நாள் பாத்திருக்கு, ஒரு வண்டியும் இல்லன்னு சொல்லுதே." "நான்தான் எடுத்துட்டேன். டேப்பைப் பாத்துட்டு ஒளிச்சு வெச்சேன். ஆடு எங்க தங்கச்சி ஆடு." எங்கேயோ ஒருத்தர் சிரிக்கிறார், உடனே அடங்கிவிடுகிறார். ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்கிறேன். அது திருட்டு முகம் இல்லை. காது வரைக்கும் சிவந்துவிட்டது, கீழே குனிந்து தன் சீட்டைப் படித்துப் பார்க்கிறாள், பாவம், நிஜமாகவே நம்பியிருக்கிறாள். "லைசென்சு இருக்கா?" என்கிறார் கமிஷனர். "இருந்துச்சு. பதினாறு வருசமா நீங்கதான் புதுப்பிச்சுத் தர மாட்டேங்கிறீங்க." "நானா?" "நீங்கன்னா, அந்த நாற்காலி." அவர் பின்னால் நிற்கிற நகராட்சி இன்ஜினியரைத் திரும்பிப் பார்க்கிறார், இன்ஜினியர் கூரையைப் பார்க்கிறார். "இந்த மாதிரி ஒளிச்சது நீங்க ஒருத்தர் மட்டுமா, இல்ல தெருவே ஒளிச்சுதா?" நான் நினைத்த கேள்வி அப்படியே வருகிறது. என் முதுகில் தெருக் கடை அத்தனையின் மூச்சும் படுகிறது. "என்னைப் பத்திதான் எனக்குத் தெரியும்" என்கிறேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். பின்வரிசையில் நாலு இருமல். "சார், நான் தாஜுதீன், பைக்கடை. என் பந்தல் ஆறு அடி வெளியில வரும். அன்னிக்கு மடக்கி உள்ள வெச்சுட்டேன். இந்தம்மாவுக்கு டேப்பு வருதுன்னு போய்ச் சொன்னதும் நான்தான்." பாய் இன்னமும் என்னைப் பார்க்கவில்லை, கமிஷனரைத்தான் பார்க்கிறார். எதற்காகச் சொன்னார், என்னைக் காப்பாற்றவா, முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் நல்ல பேர் என்றா, இரண்டும்தானா, அது இப்போதைக்கு எனக்கு விளங்காது. ஆனால் அவர் உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை, இரண்டு பேரும் நிற்கிறோம், டிபன் கடைக்காரர் பாதி எழுந்து பாதி உட்கார்ந்து ஒரு மாதிரி இருக்கிறார்.

"பாக்கலாம்" என்கிறார் கமிஷனர். இந்தப் பார்க்கலாமை நான் எத்தனை வாயில் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் பேராசிரியரிடம் குனிந்து, திரும்ப அளக்கச் சொல்லுங்க, இந்த தடவை எல்லாத்தையும் வெளிய வெச்சிட்டு அளக்கச் சொல்லுங்க என்கிறார், அது என் காதில் விழுகிறது, வேறு யார் காதிலும் விழுந்திருக்காது. வெளியே வைத்துவிட்டு அளந்தால் அது வரைவதற்கும் உதவும், இடிப்பதற்கும் உதவும். எதற்கு என்று அவருக்கே இன்னும் தெரியாது போலிருக்கிறது. ஜெசிந்தா மேசையைச் சுற்றிக்கொண்டு வருகிறாள். கோபமாக வருகிறாள் என்றுதான் நினைத்தேன், கோபமாகத்தான் வருகிறாள். "கறுப்பு ஆடு" என்கிறாள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிக்கக் கூடாத நேரம். அவள் சிரிக்கவில்லை. "வரிசைக்கு வரிசை எவ்ளோ கேப் விடுவீங்க?" "நாலு சாண். புல்லட்டுன்னா ஆறு." "மரத்தைச் சுத்தி?" "மரத்தைச் சுத்தி விடமாட்டேன், காக்கா எச்சம் போடும், சீட்டு வீணாயிடும்." குறித்துக்கொள்கிறாள். வாயால் சொல்லச் சொல்ல என் ஸ்டாண்டு ஒவ்வொரு வரிசையாகக் காகிதத்தில் வந்து நிற்கிறது, மூன்று நாள் பாடுபட்டு மறைத்ததை மூன்று நிமிஷத்தில் நானே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், நாளைக்கு இந்தக் காகிதம் யார் மேசையில் இருக்குமோ. "பேர் போடணும்மா. ஸ்டாண்டு யார் பேர்ல?" வீட்டுக்காரர் பேர் வாய் வரைக்கும் வந்துவிட்டது, பதினாறு வருஷமாக எங்கே கேட்டாலும் அந்தப் பேரைத்தான் சொல்லியிருக்கிறேன். "நாகபூஷணம்" என்றேன். அவள் குனிந்து எழுத ஆரம்பித்தாள், முதல் எழுத்து மங்கலாக, சாம்பல் நிறத்தில் விழுந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "பென்சில்ல வேணாம்" என்றேன். "பேனா எடு."